தகப்பனார் கடிகாரமும் சகோதர நீதியும்



தகப்பனார் இறந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்தபின், பெட்டியைத் திறந்து பாகம் பிரிக்கிறோம். நிலத்துக்குப் பத்திரம் உண்டு. நகைக்கு உரைகல் உண்டு. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய கைக்கடிகாரத்துக்கோ இரண்டும் இல்லை. "ஓடாத கடிகாரந்தானே, தம்பி எடுத்துக்கொள்ளட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். தம்பி அதைப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க, அது பெருவிலை பெறும் சுவிஸ் கடிகாரமென்று தெரியவருகிறது. இதை அண்ணனுக்கும் அக்காளுக்கும் சொல்ல அவன் கடமைப்பட்டவனா?

முதலில், பொருளை அறிவது எப்படி? முகத்தில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பலாகாது. மங்கிய டயலுக்குப் புது வர்ணம் பூசி, பேர்போன கம்பெனியின் பெயரை அச்சடித்து விற்பவர்கள் உண்டு. ஆகையால் தொழில் தெரிந்தவரைக் கொண்டு பின்மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே எந்திரத் தகட்டில் செய்தவர் பெயரும், எத்தனை ஜுவல் என்பதும், சிலவற்றில் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். டயல், கூடு, எந்திரம் மூன்றும் ஒத்துச் சாட்சி சொன்னால் நம்பலாம்.

இனி, அறிந்ததை மறைக்கலாமா? வேதசாஸ்திரியான அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி காட்டியிருக்கிறார். பித்தளையென்று எண்ணி ஒருவன் பொன்னை விற்க, பொன்னென்று அறிந்தே வாங்குகிறவன் அநீதி செய்கிறான். அவன் ஈடுசெய்ய வேண்டும். அறியாமல் வாங்கினவனுக்குப் பாவமில்லை. ஆனால் உண்மை தெரிந்தபின் அவனுக்கும் அந்தக் கடமை உண்டு. நம்முடைய காரியம் வியாபாரமல்ல, பாகந்தான். என்றாலும் நியாயம் ஒன்றே: பித்தளைக்குக் கொடுத்த சம்மதம் பொன்னுக்குச் செல்லாது.

"மனமார விட்டுக்கொடுத்தார்களே, சுவாமி" என்பீர்கள். எதை விட்டுக்கொடுத்தார்கள்? ஒன்றுக்கும் உதவாததென்று எண்ணியதை. "செலவழித்தது நானல்லவா?" அந்தச் செலவை முதலில் கழித்துக்கொள்வது நியாயமே. மிச்சத்தையல்லவா கேட்கிறோம்!

ஆனால் எல்லாக் கடிகாரமும் இப்படியல்ல. ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் "ஜனதா" என்று தெரிந்தே ஒன்றைக் கொடுத்தார்கள் என்று வையுங்கள். அக்கடிகாரக் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு தீர்மானித்தது. அதன் பிறகு பழம்பொருள் சேர்ப்போர் தேடி வந்து விலை ஏறினால், ஏற்றம் வைத்திருப்பவனுக்கே. கொடுத்த அன்று பொருளைப் பற்றி ஒருவரும் ஏமாறவில்லை. அப்படியே, "என்ன விலை பெற்றாலும் அவனுக்கே" என்று எல்லோரும் சொல்லிக் கொடுத்திருந்தாலும் தடையில்லை.

சொத்தைப் பிரித்துத் தரும்படி ஒருவன் கேட்டபோது, நம் ஆண்டவர் பாகம் பிரிக்க உட்காரவில்லை. பேராசையைக் குறித்தே எச்சரித்தார் என்று லூக்காஸ் சுவிசேஷம் 12-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சொத்தால் பிரிந்த அண்ணன் தம்பிமார், ஒரே கோவிலில் நன்மை வாங்கியும் வாசலில் முகம் திருப்பிப் போவதை நாம் காணவில்லையா?

ஆகையால், பாகம் பிரிக்குமுன் கடிகாரத்தையும் எல்லோருக்கும் தெரியப் பரிசோதித்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்து, விலையறிந்து, வாய் திறவாமல் இருப்பவர்கள், அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு வருமுன் உடன்பிறந்தார் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.