கணக்கில் நிற்பதும் வானில் இருப்பதும்

முரணின்றி அமைந்த கணக்கு மட்டுமே உண்மைக்குப் போதுமா? புரோட்டானின் உட்கூறாகிய குவார்க்குகளாலான பொருள், இரும்பின் அணுக்கருவினும் உறுதியாக நிலைபெறக்கூடும் என்று 1984-இல் எட்வர்ட் விட்டன் கூறினார். அதுமுதல் அறிஞர் பலர் பொதுச் சார்பியல் சமன்பாடுகளால் குவார்க் விண்மீன்களை வடித்து வருகின்றனர். நிபந்தனைகள் கடுமையானவை: மையத்தில் அழுத்தம் வரம்பின்றிப் பெருகலாகாது, விளிம்பில் அது அற்றுப்போக வேண்டும், உள்ளே ஒலி ஒளியை முந்தலாகாது. இவற்றில் தேறியது இருக்கக்கூடியது, அவ்வளவே.

புகை கண்டு நெருப்பை அனுமானிப்பவன், இரண்டையும் ஒருசேர முன்பே அடுக்களையில் கண்டிருக்கிறான் என்பர் நியாய நூலார். குவார்க் விண்மீனுக்கு அத்தகைய அடுக்களை ஏது? 2002-இல் தென்மகுட விண்மீன் கூட்டத் திசையிலுள்ள ஒன்றன் ஆரம் சுமார் 4 முதல் 8 கிலோமீட்டரே என்றும், அது குவார்க் விண்மீனாகலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. கட்புலனாகும் ஒளியையும் சேர்த்து ஆராய்ந்தோரோ, எக்ஸ் கதிர் காட்டியது பரப்பின் வெப்பமிகு பகுதியை மட்டுமே, முழு உருவம் பெரிது, நியூட்ரான் விண்மீன் என்றே கொள்ளலாம் என்றனர். கணக்குகள் பிழைபடவில்லை, அவற்றுக்குரிய விண்மீன் இன்னும் உறுதிப்படவில்லை.