விரல் நுனிக்கும் கேள்வி உண்டு

அல்லாஹு தஆலா தன் அடியார்களுக்கு அருளியிருக்கும் நிஃமத்துகளை எண்ணி முடிக்க நம்மால் இயலாது. நம் பாட்டன்மார் கனவிலும் காணாத வசதிகள் இன்று அடுப்பங்கரை வரை வந்துவிட்டன. மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் பழையனவாகி, கைபேசி ஒன்றே வீட்டை ஆளுகிறது. மறுமை நாளில் நிஃமத்துகளைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று 'தகாஸுர்' அத்தியாயத்தின் இறுதியில் ரப்புல் ஆலமீன் எச்சரிக்கிறான். பசித்திருந்த வேளையில் ஓர் அன்ஸாரித் தோழர் அளித்த பேரீச்சம் பழமும் குளிர்ந்த நீரும்கூட அந்த விசாரணைக்கு உரியவை என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு உணர்த்தினார்கள். அப்படியானால் நம் சட்டைப் பையில் இருப்பதற்கு விசாரணை இல்லாமல் போகுமா?

இதைச் சொன்னதும், "ஹஜ்ரத்மார்களுக்கு விஞ்ஞானம் என்றாலே ஆகாது" என்று சில இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். அது சரியல்ல. தடை வராத வரை ஒரு பொருள் ஆகுமானதே என்பது நம் ஃபுகஹாக்கள் வகுத்த விதி. நவீன சாதனங்களின் சட்டங்களைப் பற்றி முஃப்தி முஹம்மது ஷஃபீ ஸாஹிப் (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதினார்கள். தொழுகையில் ஒலிபெருக்கி பயன்படுத்துவதை முதலில் மறுத்த அவர்கள், அந்தத் துறை அறிந்தவர்களிடம் விசாரித்துத் தெளிந்த பின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதே ஆலிம்களின் வழி.

காரைக்குடிக்காரர்களாகிய நமக்கு விஞ்ஞானம் அந்நியமும் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. கைபேசிக்கு உயிர் கொடுக்கும் லித்தியம் பேட்டரியைப் பற்றி அங்கே பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். 2018-ல் அதன் தொழில்நுட்பத்தை ஒரு நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தமும் செய்தார்கள். அந்த பேட்டரியில் ஹலாலும் இல்லை, ஹராமும் இல்லை. அதை ஏந்தும் கையில்தான் இரண்டும் இருக்கின்றன.

இந்தச் சாதனங்கள் நமக்குச் செய்ததைச் சுருக்கிச் சொன்னால், தூரத்தையும் தாமதத்தையும் நீக்கின. சபுரிலிருக்கும் கணவரின் கடிதத்துக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணியை எதிர்பார்த்திருந்த பெண்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். டிரங்க் கால் போட்டுவிட்டு அரை நாள் காத்திருந்தவர்கள் உண்டு. மௌத்துச் செய்தி மலேசியாவுக்குப் போய்ச் சேருமுன் மூன்றாம் நாள் ஃபாத்திஹாவே முடிந்துவிடும். இன்று துபாயிலிருக்கும் மகன் படுக்கையில் கிடக்கும் அத்தாவின் முகத்தைப் பார்த்து ஸலாம் சொல்கிறான். மருந்துக்கான பணம் அந்த நிமிடமே வந்து சேர்கிறது. கண் மங்கிய மூதாட்டி எழுத்தைப் பெரிதாக்கி யாஸீன் ஓதுகிறார். மதரஸாவுக்குப் போக வழியில்லாத பெண்கள் வீட்டிலிருந்தே தஜ்வீது கற்கிறார்கள். இவற்றுக்கு நாம் ஷுக்ரு செய்ய வேண்டும்.

ஆனால் தாமதம் நன்மைக்கு மட்டும் நீங்கவில்லை, பாவத்துக்கும் நீங்கிவிட்டது. யோசிப்பதற்கும் வெட்கப்படுவதற்கும் முன்பு கொஞ்சம் அவகாசம் இருந்தது. இப்போது அது இல்லை.

தண்ணீர் விஷயத்தையே பாருங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவைக்குப் பெயர் போனது நம் ஊர். குடத்தில் சுமந்து வந்தபோது ஒரு சொட்டும் வீணாகவில்லை. மோட்டாரும் குழாயும் வந்த பின், முகம் கழுவித் தலைக்கு மஸ்ஹு செய்து கால் கழுவும் வரை குழாயைத் திறந்தே வைத்து ஒளு செய்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவில், ஒளுவை முடித்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நம் ஒளுவுக்கு ஒரு வாளி போதுமா என்பது சந்தேகமே.

தண்ணீராவது போகட்டும், செய்தியை வீணாக்கினால் உயிரே போகிறது. 2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே வழி கேட்க நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு 65 வயது மூதாட்டி ஒருவர் மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பியிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அந்தப் பொய்யை அனுப்பியவர்களில் ஒருவராவது கொலை செய்ய எண்ணியிருப்பாரா? "ஊரார் எச்சரிக்கையாக இருக்கட்டும்" என்றுதான் விரலை அழுத்தியிருப்பார்கள்.

பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத்து வசூலிக்கப் போனவர் பாதியிலேயே திரும்பி, அவர்கள் தர மறுத்துவிட்டார்கள் என்று தவறான செய்தி சொல்ல, மதீனாவில் போர்ப் பேச்சே எழுந்ததாக முஃபஸ்ஸிரீன்கள் எழுதுகிறார்கள். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற 'ஹுஜுராத்' அத்தியாயத்தின் கட்டளை அப்போதுதான் இறங்கியது. 2020-ல் கொரோனா நேரத்தில் பொய்ப் படங்களால் நம் சமுதாயமே எவ்வளவு அவதிப்பட்டது! அந்த வலியை அறிந்த நாமே, ஆதாரமில்லாத ஹதீஸையும் அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிய அவதூறையும் 'வந்தது, அனுப்பினேன்' என்று தள்ளிவிடலாமா? கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்பது நாயக வாக்கின் கருத்து. யாஸீன் சூரா சொல்கிறபடி நாவுக்கு முத்திரையிடப்பட்டு கைகள் பேசும் நாளில், இந்த விரல் என்ன சொல்லும்?

நம்மை அதிகம் கவலை கொள்ளச் செய்வது வட்டி. முன்பு வட்டிக்குக் கடன் வாங்க ஒருவன் கடை வாசல் ஏற வேண்டும். ஜமாஅத்தார் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் அவனைப் பாதி வழியில் திருப்பியதும் உண்டு. இப்போது வாசலும் இல்லை, கூச்சமும் இல்லை. ஐயாயிரம் என்று சொல்லி, கட்டணம் என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, ஏழாம் நாளே முழுத் தொகையையும் கேட்ட கடன் செயலிகள் பல குடும்பங்களைச் சீரழித்தன. கைபேசியிலிருந்த உறவினர் எண்களையும் பெண்களின் படங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு மிரட்டினார்கள். மானத்துக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடன் செயலிகள் அவ்வாறு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி செய்தது. ஆனால் விதியை மதிக்காதவர்களிடம்தானே அவசரக்காரர்கள் போய் விழுகிறார்கள்?

வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சிகள் இருவர் ஆகிய எல்லோரும் பாவத்தில் சமம் என்று முஸ்லிமில் பதிவான ஹதீஸ் கூறுகிறது. இன்று எழுதுவது இயந்திரம், சாட்சியும் அதுவே. ஆனால் சம்மதம் என்று அழுத்தும் விரல் நம்முடையது. பண்டிகைக் காலத்தில் பெரிய கைபேசியைத் தவணையில் வாங்க நம் பிள்ளைகள் கடைகளில் நிற்கிறார்கள். தவணை என்றாலே ஹராம் அல்ல. விலை இன்னது, தவணை இத்தனை என்று முடிவு செய்து வாங்கும் வியாபாரம் வேறு. தவறினால் வட்டி ஏறும் கடன் வேறு. 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாமல், ஒப்பந்தத்தை ஓர் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். காட்ட முடியாத ஒப்பந்தமானால் கையெழுத்தும் வேண்டாம்.

பிள்ளைகளைக் கண்டிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒரு முஸ்லிம் நள்ளிரவில் செயலியைத் திறக்கிறான் என்றால், பகலில் அவன் தட்டிய கதவுகள் திறக்கவில்லை என்று பொருள். தமிழகத்தில் பல மஹல்லாக்களில் பைத்துல்மால் அமைத்து, நகையை அமானிதமாகப் பெற்று வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லாத மஹல்லாவில் அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பத்துப் பேர் உட்கார்ந்தால் போதும். பணம் திரட்ட, சபுரிலிருப்பவர்களுக்குச் செய்தி அனுப்ப, வரவு செலவை எழுதி வைக்க இதே கைபேசி உதவும். கடனை எழுதி வைப்பது 'பகரா' அத்தியாயத்தின் நீண்ட ஆயத்து இடும் கட்டளையும் ஆயிற்றே. வாங்கியவர் பெயர் மட்டும் நிர்வாகிகள் நால்வரைத் தாண்ட வேண்டாம்.

கடனில் சிக்கித் தவிக்கும் நம் சகோதரர்களின் கடனை அல்லாஹ் தீர்த்து வைத்து, அவர்களின் மானத்தைக் காப்பானாக! ஆமீன்.