எந்த மரத்துக்கு?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை ரவுடிகளைத் தேடி மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். கத்தியும் அரிவாளும் நூற்றுக்கணக்கில் சிக்கின. அதன் தொடர்ச்சியாக அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்கும் விற்கும் கடைகளுக்கும் ஓர் அறிவுறுத்தல் போனது. வாங்குபவரின் பெயர், முகவரியோடு எதற்காக வாங்குகிறார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். முடிந்தால் கண்காணிப்புக் கேமராவும்.

என்னை இழுத்தது அந்த ‘எதற்காக’ என்கிற கட்டம். நான் எழுதுகிற மென்பொருளிலும் அப்படியொரு கட்டம் உண்டு. வாடிக்கையாளரின் விவரங்களைத் திறக்கிற ஊழியர் என்ன காரணத்துக்காகத் திறக்கிறார் என்று ஒரு பட்டியலில் தொட்டுக்காட்டினால்தான் அடுத்த திரை வரும். ஐந்து காரணங்கள் இருக்கின்றன. பெரும்பாலானோர் முதலாவதைத் தொடுகிறார்கள், அது முதலில் இருக்கிறது என்பதால். தணிக்கைக்கு வருபவருக்குக் கட்டம் காலியாக இல்லை என்பதே போதும். திறந்தவன் வேலைக்காகத் திறந்தானா, பழைய காதலியின் புது முகவரியைத் தேடித் திறந்தானா என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் எங்கள் வீட்டு அரிவாளை வழக்கமாகத் தட்டிக் கொண்டுவருகிற பட்டறை ஒன்று உண்டு. ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டேன். நோட்டு போட்டிருக்கீங்களா அண்ணே?

“நோட்டெல்லாம் இருக்கு தம்பி. அம்புட்டுப் பேரும் வெறகு வெட்டத்தான் வாங்குறாக. வேற என்னத்தச் சொல்லுவாக? ஆள வெட்டப் போறேன்னா சொல்லுவான்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இதில் பொய் சொல்லக்கூடியவன் பற்றிய கிண்டலைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. உண்மையே பேசுகிறவனால்கூட அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. இந்த வறண்ட சீமையில் ஓர் அரிவாள் ஒரு நாளில் என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். காலையில் கருவேல முள்ளை வெட்டி வேலி அடைக்கும். பிறகு அடுப்புக்கு விறகு பிளக்கும். ஆட்டுக்குக் குழை ஒடிக்கும். இளநீர் சீவும். கோடாங்கி வந்தால் கோழி அறுக்கும். இரவில் களத்துமேட்டில் படுக்கிறவன் தலைமாட்டில் கிடக்கும், பாம்புக்கும் திருடனுக்குமாக. வாங்கும்போது இவற்றில் எது காரணம்? “வீட்டுல ஒண்ணு கெடக்கட்டும்” என்பதுதான் பெரும்பாலான அரிவாள்களின் உண்மையான காரணம். அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

சட்டம் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கப் பார்க்கிறது. வாங்குபவனின் மனதைக் கேட்காமல் பொருளையே கேட்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில், வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் வடிவமைக்கப்பட்டவை ஆயுதம் ஆகாது. அதன் விதிகளில் ஒரு கணக்கும் உண்டு. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திகள் ஆயுத வகைக்குள் வரும். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு.

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கத்தி சேகரிப்பவர். மடக்க முடியாத கத்திகளை மட்டும், தோல் உறையோடு, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். அவரிடம் அமெரிக்க மரைன் படை 1942இல் ஏற்றுக்கொண்ட கா-பார் மாதிரி ஒன்று இருக்கிறது. போருக்கென்றே பிறந்த கத்தி. அலகு 7 அங்குலம், அகலமும் குறைவு. மேற்சொன்ன கணக்குக்குள் அது வராது. எங்கள் வீட்டு விறகரிவாள் நீளத்தில், அகலத்தில் இரண்டிலுமே எல்லை தாண்டுகிறது. ‘விவசாயம்’ என்ற ஒற்றைச் சொல்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. (அதே கா-பாரை வீரர்கள் பெரும்பாலும் பெட்டி உடைக்கவும் குழி தோண்டவும் டப்பா திறக்கவும்தான் பயன்படுத்தினார்கள் என்று நண்பர் லேசான வருத்தத்துடன் சொல்வார்.)

அவரிடமிருக்கும் இன்னொன்று போவி கத்தியின் நகல். அதன் எஃகு 5160 என்றார். கார், லாரிகளின் ஸ்பிரிங் பட்டைக்கு ஆகிற எஃகு வகை அது. நம்மூர்ப் பட்டறைகளிலும் அரிவாளுக்கு முதல் தேர்வு பழைய லாரிப் பட்டைதான். எஃகு ஒன்று, விலையில் மட்டும் நூறு மடங்கு வித்தியாசம். போவியின் கதையும் நம் பதிவேட்டுக் கதைதான். 1827இல் மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டில் நடந்த ஒரு கைகலப்பில் ஜிம் போவி பெரிய கத்தியால் ஒருவரைக் கொன்றார். அந்தக் கத்தி புகழ் பெற்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அதே பெயரில் செய்து கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1837இல் அலபாமா மாநிலம் ஒரு கத்தி கைமாறினால் 100 டாலர் வரி என்றது. அடுத்த ஆண்டு டென்னசி விற்பனையையே தடை செய்தது, போவி மட்டுமல்லாமல் வடிவத்திலும் அளவிலும் அதைப்போல் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து. அதே 1838இல் ஜிம்மின் அண்ணன் ரெசின் போவி பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், முதல் கத்தியைச் செய்தவன் நான்தான் என்றார். அலகு ஒன்பதேகால் அங்குலம். எதற்கு? வேட்டைக்கு.

ஒன்பதேகால்! நமது விதியின் எல்லைக்கு மேலே சரியாகக் கால் அங்குலம். ரெசின் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கிருந்து, கருவி என்பது நல்லதுமல்ல கெட்டதுமல்ல, எல்லாம் பிடிக்கிற கையைப் பொறுத்தது என்ற முடிவுக்குத் தாவிவிடலாம். எங்கள் தொழிலில் அது வேதவாக்கு. முகத்தை அடையாளம் காணும் நிரல் எழுதியவரும் சொல்வார், கைபேசி எங்கே போகிறது என்று பின்தொடரும் நிரல் எழுதியவரும் சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் தத்துவம் அல்ல, அரிவாள்தான்.

விறகரிவாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். கனம் முழுக்க முனைப் பக்கம் இருக்கும். முனை உள்நோக்கி வளைந்திருக்கும், முள் விளாரை இழுத்துப் பிடித்து வெட்ட. பிடிக்கும் முனைக்கும் நடுவே ஒரு முழம்கூட இராது, அதற்கு மேல் போனால் கருவேலப் புதருக்குள் குனிந்து வீச முடியாது. பனையேறியின் பாளையரிவாள் வேறு. அது சீவ வேண்டும், வெட்டக் கூடாது; தாள் போல மெல்லிய வாய். இப்போது நீண்டு, ஒல்லியாக, தூர வீசத் தோதாக இருக்கும் வீச்சரிவாளை எடுங்கள். அதை வைத்துக் கருவேலத்தை வெட்டினால் மணிக்கட்டு போய்விடும். அது எதிரே நிற்கிற ஒன்றை, நகரக்கூடிய ஒன்றை எட்டுவதற்காகச் செய்தது. வடிவத்துக்குள் ஒரு கை அசைவு உறைந்து கிடக்கிறது, அந்த அசைவுக்கு ஓர் இலக்கும் இருக்கிறது. கொல்லனுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பட்டறையில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்து புது அரிவாள் வேண்டும் என்றார். பட்டறைக்காரர் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. “எந்த மரத்துக்கு?” என்றார்.

“சீமக்கருவேலந்தான். கரிமூட்டத்துக்கு.”

“கையி எம்புட்டு?” என்று அவர் முழங்கையிலிருந்து விரல்வரை கண்ணால் அளந்துவிட்டு ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்தார். உலையில் எரிந்துகொண்டிருந்ததும் அதே சீமைக்கருவேலக் கரிதான்.

காவல்துறையின் கேள்வியும் இவருடைய கேள்வியும் ஒன்று போலத் தோன்றலாம். எதற்கு என்பதுதானே இரண்டும்? ஆனால் முதலாவது கேள்விக்கு வருகிற பதில் கத்தியை ஒரு நூல்கூட மாற்றாது. எழுதியதும் கேட்டவரின் கடமை முடிந்தது. இரண்டாவதற்கு வருகிற பதில் நேராகச் சம்மட்டிக்குப் போகிறது. கரிமூட்டக்காரருக்கு அடித்த அரிவாள் கரிமூட்டக்காரருக்குத்தான் வாகாக இருக்கும். செய்தவனின் பொறுப்பு வாங்கியவனின் மனதைப் படிப்பதில் இல்லை, அது யாராலும் ஆகாத வேலை. தான் செய்கிற வடிவம் எந்த அசைவுக்கு அழைக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்வதில் இருக்கிறது. பதிவேடு கொல்லனை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்து எழுத்தராக ஆக்கிவிடுகிறது. பெயர் வாங்கிவிட்டால் வீச்சரிவாளையும் விற்கலாம் என்றாகிவிடுகிறது.

வீச்சரிவாள் அடிப்பதில்லையா என்று கேட்டேன். சாமிக்கு மட்டும் என்றார். இந்தப் பக்கம் கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நேர்ந்துகொண்டு ஆள் உயரத்துக்கு மேல் அரிவாள் செய்து சாத்துவார்கள். அதற்கு அவர் வாயைத் தண்ணீரில் தோய்ப்பதில்லையாம். வழக்கமான அரிவாளில் வெட்டுவாயை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். வாய் இறுகும், முதுகு இளக்கமாக அதிர்ச்சியைத் தாங்கும். அந்த வேலையைச் செய்யாவிட்டால் எவ்வளவு பெரிய அரிவாளும் நாலு வெட்டில் மழுங்கும். “சாமிக்கு எதுக்குத் தம்பி தோய்ச்சல்? அது யார வெட்டப் போவுது?” எல்லாப் பட்டறையிலும் இப்படியா என்று கேட்டதற்கு, அடுத்தவன் பட்டறையைப் பற்றி நான் பேசமாட்டேன் என்றுவிட்டார்.

வடிவத்தைப் பார்த்து முடிவெடுப்பதிலும் ஆபத்து உண்டு. 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு கும்பினி இந்தச் சீமையில் ஆயுதக் களைவு நடத்தியது. வளரி அருகிப்போன கதை அங்கிருந்து தொடங்குகிறது. சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுத் தந்ததாக ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற வெள்ளைக்கார அதிகாரியே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது போரில் ஆளை வீழ்த்தியது, மற்ற நாட்களில் முயலை வீழ்த்தியது. ஆயுதமா, வேட்டைக் கருவியா? அந்த நேரத்தில் யார் பக்கம் துப்பாக்கி இருந்ததோ அவர்கள் முடிவு செய்தார்கள். நடைமுறையில் இன்றும் பெரிய வித்தியாசமில்லை. சேகரிப்பாளரான என் நண்பரை எந்தச் சோதனைச்சாவடியிலும் யாரும் எதற்கு என்று கேட்டதில்லை. சைக்கிள் கேரியரில் அரிவாள் செருகிக்கொண்டு கரிமூட்டத்துக்குப் போகிறவரைக் கேட்பார்கள், அதுவும் செப்டம்பர், அக்டோபர் பந்தோபஸ்து மாதங்களில் நிச்சயம் கேட்பார்கள்.

ஆனாலும் கேட்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1957இன் முதுகுளத்தூர்க் கலவரத்தை இன்னும் மறக்காத ஊர்கள் இவை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த தலித் மாணவனை இரவில் அவன் வீட்டுக்குள் புகுந்து பள்ளிப் பையன்கள் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் சேர்த்து. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு அடுத்த ஆண்டு தந்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக்கயிறுகளைப் பற்றியும், பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியைப் பற்றியும் பேசியது. நியாயமான இடங்கள்தான். ஆனால் பள்ளிச் சட்டை போடும் வயதுப் பையன் எந்தப் பட்டறைக்கும் போய் அரிவாள் வாங்க வேண்டியதில்லை. அது அவன் வீட்டு எரவாணத்தில் ஏற்கெனவே செருகியிருக்கிறது. பதினைந்து வருடம் முன்பு அப்பா வாங்கியது. விறகுக்கு என்று அவர் சொன்னதும் உண்மை, விறகுக்கு என்றே கொல்லர் அடித்ததும் உண்மை.

இதைப் பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு, மூலையில் கூர் தட்டுவதற்காகக் கிடந்த பழைய அரிவாள்களில் ஒன்றை எடுத்து வாயைக் காட்டினார். நெடுகப் பல் பல்லாக விழுந்திருந்தது. “இது மரத்துல விழுந்த பல்லு. வருசா வருசம் வரும். பல்லே விழாம, துருப்பிடிச்சு, திடீர்னு ஒருநா கூர் வைக்க வருதுன்னா பாத்துக்கிருவேன். அதுவும் சின்னப் பய கொண்டாந்தான்னா, ஒங்க அப்பாவ வரச்சொல்லுடான்னு வாங்கி வச்சிருவேன்.”

அப்படி வாங்கி வைத்தவை இருக்கின்றனவா என்றேன். ஓலைக்கு மேலே கையைக் காட்டினார். இரண்டு கிடந்தன. ஒன்றைத் தேடி இன்னும் யாரும் வரவில்லையாம்.

“இப்ப எங்கிட்ட யாரு வாரா? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெல்டிங் பட்டறையில கிரைண்டர் வச்சிருக்கான். முப்பது ரூவா. ரெண்டு நிமிசம்.”