கருவுக்கும் சேர்த்து உண்ணும் மருந்து

இயற்கை ஈன்றதெல்லாம் தீங்கற்றது என்னும் நம்பிக்கை பக்தியைப் போலத் தோன்றினும், ஈசன் படைத்த பூமியில் துளசியோடு அரளியும் பூப்பதை அது மறந்துவிடுகிறது. மசக்கையில் வாடும் மருமகளுக்குச் சிறு துண்டு இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துத் தரும் மாமியாரின் அன்பு வணங்கத்தக்கதே. ஆனால், மலச்சிக்கலுக்கென்று கற்றாழையின் மஞ்சள் பாலையோ, உட்பொருள் இன்னதென்று எழுதாத பொட்டலத்துச் செந்தூரத்தையோ புகட்டும்போது, அந்தப் பால் கருப்பையையும் கிளறக்கூடும் என்பதையும், செந்தூரத்தில் பாதரசமோ ஈயமோ கலந்திருப்பின் அது நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் சென்றடையும் என்பதையும் சிந்திப்போர் எத்தனை பேர்? தன் தேகத்தைப் பரீட்சைக்கு ஒப்புவிக்க ஒருத்திக்குச் சுதந்திரம் உண்டு. மறுத்துரைக்க வாயில்லாத இன்னோர் ஆத்மாவை ஒப்புவிக்க எந்தத் தர்மமும் இடம் தராது. தாய்மார்களே, வேரோ தழையோ, உட்கொள்ளுமுன் தேர்ந்த சித்த வைத்தியரிடமும் பிரசவ மருத்துவரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.