ஆட்டிசச் சோர்வு: யார் வாக்கு சான்று?

நீண்டகால அயர்ச்சி, கைவந்த திறன்கள் நழுவிப்போவது, ஒலி, ஒளி, நெடியைத் தாங்க முடியாமை: மூன்றும் சேர்ந்ததே ஆட்டிசச் சோர்வு. டோரா ரேமேக்கர் குழுவினர் 2020-இல், ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு இதை வரையறுத்தனர். வழக்கமாக மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மெஷின் இரைச்சலையும் பசை நெடியையும் சகித்து, மற்றவர்களைப் போலச் சிரித்துப் பேசிச் சமாளித்தவர் இப்போது பாபினில் நூல் மாட்டவே திணறுகிறார், பேச்சும் குறைகிறது. வீட்டார் சோம்பல் என்பார்கள். மருத்துவர் மனச்சோர்வு என்று எழுதக்கூடும். அதுவும் உடன் இருக்கலாம். ஆனால் 'நாலு பேரோடு பழகு' என்ற அறிவுரை இவருக்குச் சுமையைக் கூட்டிவிடும். ஓய்வும், நடிக்க வேண்டாத தனிமையுமே பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன.

பிறர் மனத்தை எப்படி அறிவது என்பது பழைய கேள்வி. சைவ சித்தாந்தம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளைக் கொள்கிறது. சிரமத்தை மறைத்துப் பழகியவரிடம் முதல் இரண்டும் ஏமாற்றும், எஞ்சுவது உரை. யாருடைய உரை? நேரில் அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புபவரே ஆப்தர் (நம்பத்தக்கவர்), அவர் முனிவரோ மிலேச்சரோ (அயலாரோ) ஆகலாம் என்பது நியாயத் தரிசன உரையாசிரியர் வாத்ஸ்யாயனரின் துணிச்சலான கருத்து. அப்படியானால் வீட்டாரின் உரை? வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியுடன் தங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அது நல்ல ஏற்பாடுதான். எனினும் தாயின் சொல்லும் வெளியிலிருந்து கண்டதே. களைப்பை நேரில் அறிந்தவர் களைத்தவர் மட்டுமே. பேச்சு நின்றுபோன நாளில் அவர் எழுதிக் காட்டுவதும் உரைதான்.