மூச்சு வாங்குவது யாருடைய குற்றம்?

பதினேழு வயதில் எனக்குக் கிடைத்த பட்டம் சோம்பேறி. கொடுத்தவர் என் பயிற்சியாளர். கெட்டவர் அல்ல, கோவில்பட்டி மாதிரி ஒரு ஹாக்கி ஊரில், மூவாயிரம் மீட்டர் ஓடுகிற ஒரே ஒரு பெண்ணுக்காக விடியற்காலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் வந்து நின்றவர். மாதத்தில் சில நாட்கள் நான்காவது சுற்றிலேயே எனக்குத் தொடை கல்லாகிவிடும். “நீ மனசு வைக்க மாட்டேங்குற” என்பார். வீட்டுக்குத் தூரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அவர் சொன்னதை நம்பினேன். நம்பியதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஓட்டத்தை விட்டு, ஆசிரியை ஆகி, 26 வயதில் வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது ஹீமோகுளோபின் 12.1 வந்தது. பெண்களுக்கு 12 இருந்தால் ரத்தசோகை இல்லை என்பது கணக்கு. ஆனால் மருத்துவர் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார். 8. பதினைந்துக்குக் கீழே போனாலே இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். எங்கள் கரிசல்காட்டு மொழியில் சொன்னால், ஹீமோகுளோபின் என்பது இன்றைக்குப் பானையில் இருக்கும் கஞ்சி. ஃபெரிட்டின் என்பது குலுக்கையில் கிடக்கும் தானியம். பானை நிறைந்திருக்கும்போதே குலுக்கை காலியாக இருக்கலாம்.

காலியாவது எப்படி? ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகிறது. ஒரு மில்லியில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. 80 மில்லிக்கு மேல் போகிறவர்களுக்கு நஷ்டம் இரட்டிப்பு. நாம் சாப்பிடும் கம்பிலும் கீரையிலும் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினாலே அதிகம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும். நெடுந்தூரம் ஓடுகிறவளுக்கு இன்னும் கொஞ்சம் செலவு: தரையில் பாதம் மோத மோதச் சிவப்பணுக்கள் உடைகின்றன. கடுமையாக ஓடிய சில மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உள்ளே விடாமல் கதவைச் சாத்துகிறது. இதில் மனசு எங்கே வருகிறது?

பதினேழு வயதில் என் ஃபெரிட்டின் எவ்வளவு இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை நன்றாகவே இருந்து, நான் உண்மையிலேயே சோம்பேறியாகவும் இருந்திருக்கலாம். என் கேள்வி அதுவல்ல. அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை அளக்காமல், அதைக் குணம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன உரிமை? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டுக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அத்தனை பேருக்கும் குணக்கேடா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 199 கிலோ தூக்கி, ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை விட்டார். மாதவிடாயின் மூன்றாம் நாள், உடம்பு பலவீனமாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர், “தோத்தா ஒரு சாக்கு” என்றார். தொடைத்தசை பிடித்துக்கொண்டது என்று ஓர் ஆண் சொல்லியிருந்தால் அது காரணம் ஆகியிருக்கும். சாக்குக்கும் காரணத்துக்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் இல்லை, யார் சொன்னால் நம்புவோம் என்பதில் இருக்கிறது.

எல்லாவற்றையும் ரத்தத்தின் தலையில் போட்டுவிட்டால் முயற்சிக்கு என்ன மதிப்பு என்று மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. குலுக்கை காலியாக இருந்தும் நான்கு சுற்று ஓடினேனே, அதற்குப் பெயர் என்ன என்று திருப்பிக் கேட்டேன். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. என்னோடு ஓடிய ஒருத்திக்கு ஐந்து மாதம் தீட்டே வரவில்லை. கொடுத்துவைத்தவள் என்று நாங்கள் பொறாமைப்பட்டோம். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாமல் உடம்பு கடையைச் சாத்துகிறது, கூடவே எலும்பும் தேய்கிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வந்தால் பலவீனம், வராவிட்டால் பாக்கியம்.

என் ரிப்போர்ட் வந்த வாரம் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது 46 வயது. பருத்திக்காட்டு வேலை இல்லாத மாதங்களில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குவாள், வந்து தண்ணீர் சுமப்பாள். தாக்குப்பிடிப்பதுதான் விளையாட்டு என்றால் எங்கள் வீட்டில் நான் இரண்டாவது ஆள். ரெண்டு எட்டு வைத்தால் இளைக்கிறது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயசாகிறது என்று நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஹீமோகுளோபினே 8.4.

“இது எத்தன வருசமா இப்படி இருக்கும் ஏட்டி?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மாத்திரையை டீயோடு போடாதே என்று மட்டும் சொன்னேன். டீ இல்லாமல் எப்படி வேலைக்குப் போவது என்று சண்டைக்கு வந்தாள்.