நெய்ப்பந்தம் பிடிக்காத பேரன்

2021 மே மாசம், முழு ஊரடங்கு. ஊர்ல அப்பத்தா தவறிட்டாங்க. துக்கத்துக்கு 20 பேருக்கு அனுமதி உண்டு. இ-பதிவு போட்டா சென்னையிலிருந்து நானும் போயிருக்கலாம். ஆனா எனக்குக் காய்ச்சல். டெஸ்ட் ரிசல்ட் வரல. போகல. மத்தப் பேரப்பிள்ளைங்க நெய்ப்பந்தம் பிடிச்சதை வீடியோ காலில் பார்த்தேன்.

மறுநாள் ரிசல்ட் நெகட்டிவ். "வந்திருக்கலாமேடா"ன்னு அப்பா அழுதார்.

அப்போ நான் செஞ்சது தப்பா? முடிவெடுத்த ராத்திரி எனக்குத் தெரிஞ்சது காய்ச்சல் மட்டும்தான். அங்க நின்னவங்க அறுபதைத் தாண்டின பெரியப்பா, அத்தைங்க. பலர் ஊசி போடாதவங்க. அந்த நேரத்துல தெரிஞ்சதை வெச்சுத்தானே ஒரு முடிவு சரியா, தப்பான்னு பார்க்கணும்?

அப்பத்தாவுக்குச் செய்யாத கடன் தீராது, தெரியும். அந்த ராத்திரி மறுபடி வந்தாலும் போகமாட்டேன்.